உயரத்தில் பாதி இடுப்பு

அளவெடுக்கிற வேலை இருக்கிறதே, அது அளக்கிறவனைத்தான் முதலில் பைத்தியமாக அடிக்கும். செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சியில் ஏறி நின்று கத்தச் சொன்னாலும் கத்துவேன்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை! மற்ற விஷயங்களில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன் என்று செஞ்சி பஜாரில் ஒரு பேச்சு உண்டு. பேசுகிறவர்கள் பேசட்டும். இது அத்தனையும் சத்தியம். மேலே இருப்பவர் சொன்னதைச் செய்துவிட்டு ஊர்க்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நீங்கள் நம்ம ஜாதி. உட்காருங்கள், சொல்கிறேன்.

டாக்டரின் கணக்கு

அறுபதுகளின் நடுவில், ரேஷன் கடை வாசலில் ஊரே அரிசிக்கு வரிசை கட்டி நின்ற காலம். நான் ஒரு சுகாதார நிலையத்தில் அட்டெண்டர். புதிதாக வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், தங்கமான மனுஷன். ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகை படிப்பார். வளர்கிற வயசில் உடம்பு ஊதினால் பின்னால் நெஞ்சு வலி வருமாம். அதனால் பதிமூன்று, பதினான்கு வயசுப் பிள்ளைகளை அளந்து, அதிக எடை உள்ளவர்களை முன்னாடியே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

எங்களிடம் இருந்த தராசு கைக்குழந்தைகளை நிறுக்கிறது. எட்டாங்கிளாஸ் பையனை அதில் உட்கார வைத்தால் தராசைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். டாக்டர் அதற்கும் வழி வைத்திருந்தார். உயரத்தை அள, இடுப்பை அள. உயரத்தில் பாதிக்கு மேல் இடுப்பு போனால் அவன் பெயரை எழுது. அவ்வளவுதான்.

“சார், இந்த ஊரில் எலும்பு தெரியறவனை எழுதச் சொன்னா நோட்டு பத்தாது. குண்டனைத் தேடறீங்களே, நியாயமா?” என்று கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அதான்யா உனக்கு வேலை சுலபம். ஒரு டேப்பு மட்டும் கொண்டா.”

புஷ்டி

டேப்பு அரசாங்கம் கொடுக்கவில்லை. பஜாரில் டெய்லர் பக்கிரியிடம் இரவல் வாங்கினேன். முனையில் பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உயரத்துக்குப் பள்ளிக்கூடச் சுவரிலேயே அங்குலக் கோடு போட்டிருந்தது, டேப்பு இடுப்புக்கு மட்டும்.

முதலில் வந்தவன் மளிகைக்கடைக்காரர் மகன் சேகர். அவனைச் சுற்றி வருவதற்குள் டேப்புக்கே மூச்சு வாங்கியது. உயரம் ஐம்பத்தாறு அங்குலம், இடுப்பு முப்பத்தேழு. எழுதப் போனேன். அவனுடைய அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து மதியச் சோற்றுக்கு மூட்டை மூட்டையாகப் பருப்பு கொடுக்கிறவர். ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தி, பெயருக்கு எதிரே தானே ‘நல்ல புஷ்டி’ என்று எழுதினார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. “இடுப்பு பாதியைத் தாண்டுதுங்களே!” என்றேன். மளிகைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ அளந்தது இடுப்பு இல்லைய்யா, வயிறு. வயித்த அளக்கச் சொல்லி ஆர்டர் இருக்குதா?”

பட்டியல்

அன்றைக்குப் பட்டியலில் ஏறியது இருபத்து மூன்று பேர். அதில் ஒருவன் ஏழுமலை. சிங்கவரத்திலிருந்து நடந்து வருகிறவன். அப்பா இல்லை, அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் கூலி. விடியலில் யாரோ ஒருவர் நிலத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு வருவான். தோளும் மாரும் கல்லு மாதிரி இருக்கும். உயரம் அறுபது. டேப்பு முப்பத்தொன்று காட்டியது. டேப்பு சொன்னதை எழுதினேன். என் புத்தியை எதால் அடிக்க?

டாக்டர் இரண்டு வாரப் பயிற்சிக்கு மெட்ராஸ் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? அரிசி தட்டுப்பாடு, அதிக எடைக்காரனுக்கு எதற்கு இலவசச் சோறு என்று, இருபத்து மூன்று பேரையும் மதியச் சோற்று வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்! நாள் பூராவும் அந்த ஒரு வேளைதான் ஏழுமலைக்குச் சோறு. ராத்திரி அவன் வீட்டில் கூழு இருந்தால் உண்டு. விஷயம் காதில் விழுந்ததும் ஓடினேன், கத்தினேன். அவர் நோட்டைத் திருப்பி என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்.

“அதிக எடைன்னு எழுதினதும் நீ, சோறு போடுன்னு கத்தறதும் நீ. இதுல எந்த ஆளு சொல்றத நான் கேக்கறது?”

மாட்டுக் கயிறு

மூன்றாம் நாள் ஏழுமலையின் அம்மா சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டாள். மகனை ஒரு கையில் பிடித்திருந்தாள், மறு கையில் ஒரு துண்டு மாட்டுக் கயிறு. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“உயரத்துல பாதி இடுப்புன்னு இவன்கிட்ட சொன்னியாமே?”

“ஆமாம்மா.”

“தல உச்சியிலேர்ந்து குதிகால் வரிக்கும் அளந்து இந்தக் கயித்த அறுத்தேன். இப்ப பாரு.” கயிற்றை இரண்டாக மடித்தாள். மகன் சட்டையைத் தூக்கி, இடுப்பில் சுற்றினாள். கயிறு சுற்றி முடித்து மிச்சம் தொங்கியது.

“ரெண்டு வெரக்கட மிச்சம் நிக்குது. கயிறு படிக்காததுய்யா, அதுக்குப் பொய் எழுதத் தெரியாது. ஒன் டேப்பு இன்னா படிச்சிருக்குது?”

பக்கிரியின் பதில்

அப்போதுதான் டேப்பை எடுத்துப் பார்த்தேன். பித்தளைத் தகட்டுக்கு அடுத்து முதலில் வருகிற எண் நான்கு! ஒன்று, இரண்டு, மூன்றைக் காணோம். முனை நைந்து போனதால் பக்கிரி மூன்று அங்குலத்தை வெட்டிப் போட்டுவிட்டு, தகட்டை மறுபடி வைத்து அடித்திருக்கிறான். செஞ்சிப் பிள்ளைகள் அத்தனை பேர் இடுப்பிலும் மூன்று அங்குலம் நான் ஒட்ட வைத்திருக்கிறேன். பஜாருக்குப் போய் அவன் தையல் மெஷின் மேல் டேப்பை வீசினேன். அவன் மிதிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

“நான் எப்பவும் மூணு கழிச்சிப்பேன்ணே. நீ ஜாக்கெட் தெக்கவா வாங்கினுபோன, உன்கிட்ட சொல்றதுக்கு?”

வைத்தியம்

கயிற்றோடு பள்ளிக்கூடம் போய் இருபத்து மூன்று பேரையும் மறுபடி அளந்தேன். ஒருத்தன்கூடத் தாண்டவில்லை. உண்மையிலேயே தாண்டியவன் ஒரே ஒருத்தன், அவன்தான் புஷ்டியாயிற்றே! தப்பைத் திருத்துங்கள் என்றேன். மையில் எழுதியாச்சு, மேலே நகல் போயாச்சு, தப்பு என்று ஒத்துக்கொண்டால் எல்லார் வேலைக்கும் ஆபத்து என்றார் ஹெட்மாஸ்டர். ஆனால் மனுஷன் வழியும் சொன்னார்:

“தப்புன்னு எழுதாதே. இளைச்சிட்டாங்கன்னு எழுது. இன்னைக்கே சோறு போடறேன்.”

தட்டில் மீதி

எழுதினேன். நாலே நாளில் இருபத்து மூன்று பேரும் ஆளுக்கு மூன்று அங்குலம் இளைத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கே, மூன்று அங்குலம் இளைத்தவர்கள் என்று சத்தமாகப் பெயர் வாசித்து வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு, என்னை வாய்க்கு வந்தபடி திட்டி முடித்து, மதியம் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏழுமலை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. பசிக்காமல் இல்லை, கண் அதன் மேலேயே இருந்தது. டாக்டர் குனிந்து, “ஏன்டா வச்சிருக்கே?” என்று கேட்டார். அவன் எழுந்து நின்று, என் கழுத்தில் டேப்பு இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு கேட்டான்:

“இதையும் துன்னா அந்த மூணு இன்ச்சு திரும்பி வந்துடாதே சார்?”

மொத்தத்தில், நான் ஒழுங்காக அளந்து எழுதிய நோட்டு ஒரு பிள்ளையின் சோற்றைப் பிடுங்கியது, புளுகி எழுதிய தாள் அதைத் திருப்பிக் கொடுத்தது என்பதுதான் என் சர்வீஸ் கதை. யார் சொன்னது என்று எவராவது கேட்டால் செஞ்சிப் பக்கம் ஒரு கிழவன் என்றுகூட வாயைத் திறக்காதீர்கள், எனக்கு இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது.