மம்மல் பொழுதுக்கு ஒரு கோல்

கடல் கடந்து எஸ்பியர்க் என்ற ஊருக்கு வந்து, மீன் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்த புதிது. மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. கந்தோரில் கேட்டால் "ஸ்னார்ட்" என்பார்கள். இந்த நாட்டுப் பாஷையில் சீக்கிரம் என்று அர்த்தமாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லொட்ஜுக்குக் கீழே ஒரு கடை, அதில் ஒரு டெலிபோன். மாதத்தின் முதல் ஞாயிறு, மம்மல் பொழுதில் நான் கோல் எடுக்க வேண்டும், அவள் வந்து நிற்பாள். நாங்கள் மணி குறித்துப் பேசவில்லை. லைட் போடுகிற நேரம் என்றால் எங்கள் சனத்துக்கு விளங்கும். இங்கே அது மத்தியானம் இரண்டு மணி. குளிர்காலம் முழுக்க ஒரு பிழையும் வரவில்லை.

ஏப்ரலில் அவள் இல்லை. இன்னும் வரவில்லை என்றார் கடைக்காரர். மே மாதமும் அதே பதில். இரண்டு தடவையும் நான் யாரென்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். அறைக்கு வந்தால் பின்னேரம் முடிகிற பாடில்லை. இரவு எட்டு மணிக்கும் ஜன்னலில் வெயில். இருட்டினாலாவது படுக்கலாம். கதைக்க ஒரு ஆள் இல்லாமல் தனிமை என்னைத் தின்றது. என்னை வேண்டாமென்று விட்டாளோ? எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "வர விருப்பமில்லையெண்டால் எழுதும், கூப்பிடுற பேப்பரை நிப்பாட்டுறன்" என்று எழுதி, அடுத்த நாள் காலை தபாலில் போட்டேன்.

அன்று வேலை இடைவேளையில், கூட வேலைசெய்த அண்ணையிடம் புலம்பினேன். மார்ச் கடைசியில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், அது தெரியாதோ என்று கேட்டார். அந்தத் திங்கள் நான் வேலைக்குப் பிந்திப் போயிருந்தேன். அலாரம் பழுதென்று நினைத்துத் திருத்தி வைத்த மடையன் நான்.

"உன்ர ரெண்டு மணிக்கு அங்க இன்னும் வெயில் எறிக்குமடா," என்றார் அண்ணை.

கடிதமோ போய்விட்டது.

ஜூனில் மூன்று மணிக்கு எடுத்தேன். நின்றாள். கடிதம் கிடைத்திருந்தது. மணிக்கூட்டுக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நாள் மாறி எடுப்பியளோ எண்டு, இந்த ரெண்டு மாசமும் ஒவ்வொரு நாளும் மம்மலுக்கு இதில வந்து நிண்டனான்," என்றாள். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு."