விளக்கம் எழுதாத கட்டம்

நான் எழுதியவற்றுள் ஒரு வரி விடாமல் நம்பிப் படிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பதினோரு பக்க ஆவணம். அதில் கதையில்லை, ஆளில்லை. எத்தனையாவது இடத்தில் தொடங்கி எத்தனை பைட்டு, அந்த எண்ணுக்கு என்ன பெயர், அவ்வளவுதான். அதை எழுதிய பெண்ணை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அந்தப் பெண் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலாக்கா நகருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை, அதன் கணினி அறையில் எனக்கு வேலை. ஜாசினில் காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது அக்கா ஏற்கெனவே ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார். நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வருகிறவர். பக்கத்து சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். வேறு யாராவது கேட்டால் "ஆளு இருக்கு லா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

அவருக்கு இருமல் உண்டு. பஸ் மேடேறும்போதெல்லாம் வரும். கணவர் இறந்த பிறகு ஆறு வருடம் எஸ்டேட்டில் மருந்தடித்திருந்தார். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை மர வரிசைகளுக்குள் புல்லுக்கு விஷம் அடிக்கிற வேலை. நகமெல்லாம் மஞ்சளாகி உரிந்ததாம். இருமினால் ரத்தம் வந்ததாம். ஜாசின் ஆஸ்பத்திரி டாக்டர், இனி அந்தப் பக்கம் போனால் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார். மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருந்ததால் தொழிற்சாலையின் ஸ்டோரில் பதிவு வேலை கிடைத்தது. உதிரிப் பாகங்கள் வருவதையும் போவதையும் கணினியில் தட்டுகிற வேலை. எஸ்டேட்டில் வெளிவேலையை வெளிக்காடு என்பார்கள். "செத்தாலும் சரி, வெளிக்காட்டுக்கு மட்டும் திரும்ப மாட்டேன். அந்த மருந்து வாசம் இன்னும் எனக்கு சோத்துல வருது" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய கணினி. ஆனால் அது தன்னை நான்கு கணினிகளாகக் காட்டிக்கொள்ளும். சம்பளத்துக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று. உட்கார்ந்து தட்டுகிறவருக்கு முழுக் கணினியும் தனக்கே என்று தோன்றும். இதை அக்காவுக்கு நான் வளவளவென்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "ஒரே வீட்டுல நாலு மருமக தனித்தனி அடுப்பு வெச்ச மாதிரி. சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு இவ்ளோ இழுக்கிறே" என்றார். அதற்குப் பிறகு அவருடையதை ஸ்டோர் அடுப்பு என்றே சொல்லிக்கொண்டோம்.

அந்த வருடம் கணினி ரொம்ப மந்தமாகிவிட்டது. ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வரலாம். சிங்கப்பூரில் இருந்த தலைமை அலுவலகம், நான்கில் எது அதிகம் தின்கிறதோ அதை எடுத்துவிடுவோம், அந்த வேலையைச் சிங்கப்பூரிலேயே செய்துகொள்கிறோம் என்றது. எடுத்தால் அதில் வேலை செய்கிறவர்களுக்கும் வேலை இருக்காது. எது தின்கிறது என்று கணினிக்கே தெரியும். ஒவ்வொரு அடுப்பும் எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, எத்தனை முறை வட்டைப் படித்தது என்று சதா எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் அதை மனிதருக்காக எண்ணுவதில்லை. இருமத்தில், தன் சொந்தக் கணக்கில், இடைவெளி கூட விடாமல் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும். திரையில் கொட்டினால் பூஜ்யமும் எழுத்துமாக ஒரு காடு. எங்கே எந்த எண் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லும் புத்தகம் எங்களிடம் இல்லை. அதைக் கண்டுபிடித்து எழுதுவது என் தலையில் விழுந்தது. மேலாளர், நல்ல மனுஷர்தான், மலாய்க்காரர், இரண்டு வாரம் என்றார்.

பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். சாப்பாட்டுப் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார். அப்புறம், "நம்ம ஸ்டோர் சும்மாதானே கெடக்கு. நாளைக்கு நாப்பது பில்லு வந்தா அதிகம். நம்ம மேல எதுக்குக் கை வைக்கப் போறாங்க?" என்றார். கேள்வி போலத்தான் கேட்டார்.

"நான் எழுதுறதுல எல்லாம் தெளிவா வந்திரும் அக்கா. நீங்க கவலப்படாதீங்க" என்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

எண்களைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். வெறிச்சோடிக் கிடந்தது ஸ்டோர் அடுப்பு மட்டுந்தான் என்பதால் அதில் சோதித்தேன். அக்கா பத்து நிமிடம் விடாமல் தட்டுவார். நான் அந்த இருமக் காட்டை அச்செடுத்து, முந்தைய தாளோடு வைத்து, எந்தப் பைட்டு மாறியது என்று பென்சிலால் வட்டமிடுவேன். பிறகு அவர் ஒரு பக்கம் மட்டும் அச்சுக்கு அனுப்புவார். வேறொரு இடம் மாறும். இப்படி நான்கு நாளில் பத்து எண்கள் அகப்பட்டன. ஓர் இடம் மட்டும் பிடிபடவில்லை. எட்டு பைட்டு, அக்கா தட்டினால் மெதுவாக ஏறுகிறது, மற்ற நேரத்தில் பாய்ந்து ஏறுகிறது. தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

"அக்கா, இப்ப என்ன பண்றீங்க?" என்று எங்கள் அறைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "ஒண்ணும் பண்ணல, தங்கச்சி. சும்மா இருக்கேன்."

அதுதான். ஒன்றும் செய்யாமல் இருக்கும் நேரத்தைத்தான் அந்த எட்டு பைட்டு எண்ணிக்கொண்டிருந்தது. தாளில் அந்த இடத்துக்கு நேரே ஆங்கில எழுத்தில் சும்மா என்று எழுதினேன். S, U, M, M, A. கணினிப் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும், இது ஐந்தே எழுத்து. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமினார். "கம்பெனி பொஸ்தகத்துல நம்ம வார்த்தை ஏறிப்போச்சு" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு வாரமும் நாங்கள் அந்தப் பெயரையே புழங்கினோம். சும்மா எவ்வளவு, சும்மா ஏறுச்சா, சும்மா இன்னைக்கு ரொம்பவா என்று.

ஆவணத்தில் ஒரு பட்டியல் போட்டேன். இடம், நீளம், பெயர், விளக்கம் என்று நான்கு கட்டம். கடைசி நாள் அவசரம். பெயரைப் பார்த்தாலே தெரிகிறவற்றுக்கு விளக்கக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன். படித்த எண்ணிக்கை, எழுதிய எண்ணிக்கை, இவற்றுக்கெல்லாம் என்ன விளக்கம் வேண்டிக் கிடக்கிறது? சும்மாவுக்கும் ஒரு கோடு போட்டேன்.

இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது குறும்பு இல்லை. குறும்பாக இருந்திருந்தால் பிடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் ஒரு வார்த்தை எழுதியிருப்பேன். அது தமிழ் என்பதே எனக்கு அப்போது ஞாபகம் இல்லை. அவ்வளவு தெளிவான வார்த்தையாக இருந்தது அது. அறிவுகெட்டவள், வேறென்ன சொல்ல.

மேலாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சிங்கப்பூரில் ஒருவர் என் ஆவணத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதத்து எண்களைப் படிக்கும் நிரல் எழுதினார். மூன்று வாரம் கழித்து ஃபேக்ஸ் வந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, நன்றாகச் செய்திருக்கிறாய், அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள் என்று தாளை நீட்டினார்.

நான்கு அடுப்புக்கும் நான்கு வரி. முதல் இடத்தில் ஸ்டோர். மற்ற மூன்றையும் கூட்டினாலும் வராத அளவுக்குப் பெரிய எண். மேலே தலைப்பு: SUMMA, பக்கத்தில் அடைப்புக்குள் மொத்தப் பயன்பாடு என்று ஆங்கிலத்தில். கீழே ஒரு வரி, ஸ்டோரை மாத இறுதியோடு நிறுத்தவும்.

"என்சிக், இது தப்பு. சும்மான்னா மொத்தம் இல்ல" என்றேன் மலாயில். என்சிக் என்றால் ஐயா.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "சும்மா, ஜும்லா, கான்?" என்றார். ஜும்லா என்றால் மலாயில் மொத்தம், கான் என்றால் இல்லையா. ஆங்கிலத்திலும் மொத்தத்துக்கு சம் என்று ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். உலகத்தில் எல்லாருக்கும் அது மொத்தம் போலிருக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கு மட்டுந்தான் அது சும்மா.

"அது தமிழ். வேலை செய்யாமல் இருக்கும் நேரம். இந்த எண் பெரிசா இருந்தா அந்த மெஷின் ஒண்ணுமே செய்யலைன்னு அர்த்தம். நீங்க நிறுத்தச் சொல்றது நாலுல ஒண்ணுந் தின்னாததை" என்றேன்.

அவர் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் கையெழுத்துப் போட்ட ஆவணத்தில் தமிழ் வார்த்தை இருந்தது, எனக்குத் தெரியாது என்று நான் எழுத வேண்டுமா? பெரியவர்கள் முடிவெடுத்துக் கடிதமும் போய்விட்டது" என்றார். பிறகு தணிந்த குரலில், "சுடாலா" என்றார். போதும், விட்டுவிடு என்று அர்த்தம். திருத்திய பக்கத்தை எழுதிக் கொடு, அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

திருத்திய பக்கத்தை அன்றைக்கே எழுதினேன். பெயரை மாற்றி, விளக்கக் கட்டத்தில் மூன்று வரி எழுதினேன். அது ஒரு கோப்புக்குள் போனது. ஃபேக்ஸின் மேல் ஓரத்தில் சிங்கப்பூர் நம்பர் இருந்தது. அதை ஒரு துண்டுத் தாளில் குறித்து ஒரு வாரம் கைப்பையில் வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறையில் நான் மட்டும் இருப்பேன், தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். போன் பண்ணவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடந்தான் ஆகியிருந்தது, வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர். இதெல்லாம் காரணமா என்றால், இல்லை. பயந்தேன். அதுதான் உண்மை.

அக்காவிடம் மேலாளரே சொன்னார். அக்கா அழவில்லை. கடைசி நாள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னா செய்வே தங்கச்சி. உன்னால ஆனதத்தான் எழுதினே" என்றார். நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜாசினில் இறங்கும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்டோரை நிறுத்திய பிறகும் கணினி அப்படியேதான் ஊர்ந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜாசின் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது முதுகுப் பக்கம் இருமல் கேட்டது. முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அக்கா பாதியாகியிருந்தார். மீனை எடுத்துப் பார்க்க நீட்டிய கையில் நகமெல்லாம் மஞ்சள்.

"திரும்ப மருந்துக்கே போயிட்டேன், தங்கச்சி. உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கலாம்னு பாத்தேன், முட்டி வளைய மாட்டேங்குது" என்றார். ஏதோ சமையல் விஷயம் சொல்வது போலச் சொன்னார். பிறகு என் சம்பளம் ஏறியதா, கல்யாணம் பேசுகிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். நான் ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மீன்காரர் பையைக் கொடுத்தார். அக்கா புறப்படுகிறவர் மாதிரி திரும்பி, நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். நம்ம ஸ்டோர் அடுப்பு சும்மா இருந்துச்சுன்னு நீ எழுதினேதானே?"

"எழுதினேன் அக்கா."

"அப்புறம் ஏன் நிறுத்தினாங்க? படிக்கலியா அவங்க?"

படித்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மீன் பையிலிருந்து தண்ணீர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தேன். அக்கா கிட்டே வந்து, அந்த விரல்களால் என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார். மருந்து வாசம் அடித்தது.

"ஏன் தங்கச்சி, எதுக்கு அழுவுறே?"

"சும்மாதான் அக்கா" என்றேன்.