என் புருசனுக்கு வந்த இரண்டு எருதுகள்

சாப்பாட்டுக்குப் பாண் வாங்க விடியமுன்னமே வரிசையில் நின்ற எழுபதுகளில் நடந்த விசயம் இது. அப்போது நாங்கள் திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிறவர். நான் அப்பம் சுடுவேன். காலையில் ஓலைக் கடகம் நிறைய அவர் துறைமுக வாசலுக்கு விற்கக் கொண்டுபோவார், பின்னேரம் வெறும் கடகத்தோடும் அப்பக் காசோடும் வருவார். என் அப்பத்துக்குத் துறைமுகமே அடிமை என்று நான் ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன்.

ஒருநாள் கடகம் மட்டும் வந்தது. மூட்டை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், பிறகு எழும்பவில்லையாம்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. படம் பிடிக்க வாங்கோ என்றால், "என்ர முகம் எங்கயும் ஓடியே போகப்போகுது?" என்பார். துறைமுகப் பாஸில் இருந்த ஒரே படமும் வியர்வையில் ஊறி வெள்ளையாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். பெயர்தான் கல்வெட்டு, உண்மையில் சின்னக் கடதாசிப் புத்தகம். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று பாட்டாக இருக்கும். மனைவி புலம்பல், பிள்ளை புலம்பல் என்று அவரவர் வாயால் அழுவது போலவும் இருக்கும். அதையாவது நன்றாக அடிப்பித்துத் தருகிறேன் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன்.

லிங்கநகரில் கல்வெட்டு எழுதுகிற ஒருவர் இருந்தார். எல்லோரும் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் நாள் கழிய வந்தார். கதிரையில் இருந்துகொண்டு கொப்பியை விரித்தார்.

"அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார், அம்மா?"

"ஏன் புலவர், எழுந்து வந்து உங்களுக்கு அடிச்சுப்போடுவார் எண்டு பயமோ?"

அவர் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். என்ன சாப்பிடுவார், எதுக்குப் பயப்படுவார், நித்திரையில் கதைப்பாரா. கேள்வி முடியவே இல்லை, என் தேத்தண்ணிதான் முடிந்தது. அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் துறைமுக வாசலுக்குப் போய் அவரோடு வேலை செய்தவர்களோடு பொழுதுபடும்வரை கதைத்துக்கொண்டு இருந்தாராம். வேலை வெட்டி இல்லாத மனிதர் என்று நினைத்தேன்.

பிறகு கூலியைச் சொன்னார். எழுபத்தைந்து ரூபாய், அச்சுக்கூலி வேறு.

"நாலு பாட்டுக்கு எழுபத்தைஞ்சோ? அப்பம் சுடுற எனக்கெண்டாலும் மாவுக்குக் காசு போகுது, விறகுக்குக் காசு போகுது. உங்களுக்கு மாவும் இல்லை, விறகும் இல்லை!"

"மாவு உங்களிட்டத்தான் இருக்கு, அம்மா. அதை எடுக்கத்தான் மூண்டு நாளா வந்தனான்."

எனக்கு அது ஏறவில்லை. என் ஒன்றுவிட்ட அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச அச்சுக்கூடம் ஒண்டிருக்கு. பாட்டும் அச்சும் சேத்து நாப்பது ரூபாய். பேரையும் நாளையும் குடுத்தால் காணும்."

"பேரைக் குடுத்தால் பாட்டு வருமோ?"

"ஓம், வருமாம்!"

வேறு ஆளைப் பிடித்துவிட்டோம் என்று புலவரை வழியில் கண்டு சொன்னேன். வந்துபோன மூன்று நாளுக்கு அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. சரி அம்மா என்று சொல்லிவிட்டு நடந்தார். நல்லாய்ச் சமாளித்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய சந்தோசம்.

அச்சடித்து வந்த புத்தகத்தில் அவருடைய பெயர் சரியா என்று மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவுதான் ஏலும்.

அந்தியேட்டி அன்று சாப்பாடு முடிந்து, வாத்தியார் ஒருவர் இராகம் இழுத்துக் கல்வெட்டை வாசித்தார். என்னுடைய புலம்பல் வந்தது.

"வெள்ளையனும் கறுப்பனும் வாசலிலே காத்திருக்க
வரம்பாலே நீ நடந்து வாராயோ என் துணையே!"

வாத்தியார் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கணவர் மாட்டைக் கண்டால் றோட்டுக்கு மற்றப் பக்கம் போகிற மனிதர்.

பின்னால் இருந்து ஒருவர், "இவன் எப்ப எருது வாங்கினவன்?" என்றார்.

"கப்பலில வந்திறங்கியிருக்கும்" என்றார் இன்னொருவர்.

பந்தலே சிரித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். பகிடி என்றால் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிடும்.

ஒருத்தி மட்டும் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரியின் உறவு, கிளிவெட்டியில் இருந்து வந்தவள். எழுந்து என்னிடம் வந்தாள்.

"அது எங்கட அப்பா, அக்கா. வெள்ளையனும் கறுப்பனும் எங்கட மாடு. லிங்கநகர்ப் புலவர் ரெண்டு நாள் எங்கட பட்டியடியில இருந்து எழுதினவர். எங்கட அப்பாவை ஏன் உங்கட வீட்டுக்குக் கொண்டந்தனீங்கள்?"

அச்சுக்கூடத்தில் பழைய கல்வெட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

என் மகள் மூலையில் இருந்து, முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை விரல் வைத்து வாசித்தாள்.

"அம்மா, இதில அப்பான்ர பேர்தான் இருக்கு. அப்பா இல்லை."

அடுத்த நாளே காதுத் தோட்டைக் கழற்றி விற்றுக்கொண்டு லிங்கநகருக்குப் போனேன். எழுபத்தைந்தையும் புலவருக்கு முன்னால் வைத்தேன்.

"கொப்பி இல்லை, அம்மா. நீங்கள் வேண்டாம் எண்ட அண்டைக்கே கிழிச்சு எரிச்சுப்போட்டன்" என்றார்.

"என்னில கோபமோ?"

"கோபமில்லை. ஒரு அவசரத்துக்கு அவற்ற கதையை வேற ஆருக்கும் எழுதிப்போடுவன் எண்டு என்னிலதான் பயம்."

பிறகு அவர் புதுக் கொப்பியை எடுத்து, முதல் கேட்டதையெல்லாம் திரும்பக் கேட்டு, "சொல்லுங்கோ" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஊரையே வாயால் வெல்லுகிற எனக்கு, "நல்ல மனிசன்" என்றதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அதை ஆருக்கும் எழுதலாம், அம்மா" என்று பேனையை மூடினார். காசை என் கையிலேயே திருப்பி வைத்தார். நான் வாசலுக்கு வந்ததும் கூப்பிட்டார்.

"துறைமுகத்தில சொன்னதில ஒண்டுதான் மனசில நிக்குது. உங்கட அப்பம் பாதி நாள் விக்கிறேல்லையாம். மிஞ்சினதை அங்க நிக்கிற ஆக்களுக்குக் குடுத்துப்போட்டு, தன்ர கூலியில இருந்து உங்களுக்குக் காசு கொண்டந்தவராம். மற்றதெல்லாம் கொப்பியிலதான் இருந்தது."

அவரோடு வேலை செய்தவர்களைத் தேடித் துறைமுக வாசலுக்கு மூன்று தரம் போனேன். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நல்ல மனிசன், அக்கா" என்றார்கள். அவ்வளவுதான். புலவர் எதைக் கேட்டு அவர்கள் வாயைத் திறந்தார் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தெரியவில்லை.

அந்த எருதுக் கல்வெட்டு மகளின் அலுமாரியில் இன்னும் இருக்கிறது, எறிய அவளுக்கு மனமில்லை. பாட்டுக் கட்டுகிறவரிடமோ படம் கீறுகிறவரிடமோ யாராவது விலை குறைக்கச் சொல்லிக் கேட்டால், நான் அந்த இடத்தில் இருக்கமாட்டேன். என் மனிதர் முழுதாக இருந்த ஒரே இடம் அந்தக் கொப்பி, அதை முப்பத்தைந்து ரூபாயும் அச்சுக்கூலியும் மிச்சம் பிடிக்க எரிப்பித்தவள் நான்.