வெடி வண்டியை எங்கே நிறுத்துவது?

போன வாரம் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, வெடிமருந்து ஏற்றிய என் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது.

பழுது இல்லை. பஞ்சர் இல்லை. டீசல் நிறைய இருக்கிறது. டிரைவர் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். முதலாளி நான் சொல்லியும், இனி ஒரு அடி நகர மாட்டேன் என்கிறார்!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். லாரி கழுவினேன், ஓட்டினேன், வாங்கினேன். இன்று பெங்களூர் தொம்மலூரில் என் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் மேப் பார்க்காமல் என் ஷெட் வாசலில் இறக்கிவிடுவார். ஒன்பது லாரிகள். இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் லூஸ் என்று சொல்லிவிடுவேன். மெக்கானிக்குகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்... சும்மா சொல்லவில்லை.

பத்தாவது வண்டிதான் இந்த வெடி வண்டி. கல் குவாரிகளுக்குப் பாறை உடைக்கும் மருந்து கொண்டுபோகிற மூடிய வேன். முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டுக்கு ஜல்லி எங்கிருந்து வந்தது? பாறை தானாக உடைந்துகொண்டு வந்ததா?

ஒன்பது லாரிகளுக்கு ஒரு சட்டம் என்றால், இந்த ஒரு வண்டிக்கு ஒரு புத்தகமே சட்டம். உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பாதி புரிவதில்லை.

மருந்தும் கேப்பும் சேர்ந்து போகக் கூடாது. கேப் என்பது மருந்தை வெடிக்க வைக்கிற சின்னக் குழாய். அதற்கு வேறொருவர் வண்டி வரும். இரண்டு வண்டியும் பாதி காலியாகப் போகின்றனவே, ஒன்றாகப் போட்டால் என்ன என்று என் டிரைவர் லூர்துவிடம் ஒருமுறை கேட்டேன்.

"சண்டைக்காரப் புருஷன் பொண்டாட்டி மாதிரிணா. தனித்தனியா இருந்தா ரெண்டு பேரும் தங்கமானவங்க. ஒரே ரூம்ல போட்டாத்தான் வம்பு."

லூர்து விவேக் நகர்க்காரர். ஐம்பதைத் தொடப்போகிறார். இந்த வண்டி ஓட்டத் தனியாகப் பயிற்சி எடுத்து, தனியாக லைசென்ஸில் எழுதி வாங்கியவர். அந்தச் சட்டப் புத்தகம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கு அதுவே ஒரு எரிச்சல்.

வண்டியில் டிரைவர் தவிர, பயிற்சி பெற்ற காவல் ஆள் ஒருவர். நம்மிடம் முனிராஜ். வேறு யாரும் ஏறக் கூடாது. முதலாளி? அவரும்தான்! சொந்த வண்டியில் ஏற எனக்கு உரிமை இல்லை... இது என்ன நியாயம்?

தீப்பெட்டி, பீடி, லைட்டர் எதுவும் வண்டிப் பக்கமே வரக் கூடாது. இது எனக்குப் பிடித்த சட்டம். ஷெட் வாசலில் நானே நின்று இருவரின் பைகளையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவேன். இந்த வேலையை நான் யாருக்கும் விட்டதில்லை. முனிராஜுக்குக் கூச்சம் அதிகம். ‘கூச்சமா இருக்குணா’ என்று நெளிவார். விடமாட்டேன்.

பிறகு பூஜை. வெள்ளிக்கிழமை என்றால் என் எல்லா வண்டிகளுக்கும் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், கற்பூரம். வெடி வண்டிக்கு மட்டும், சரக்கு ஏற்றப் போகும் முன், காலியாக இருக்கும்போதே தள்ளி நின்று காட்டிவிடுவேன். சட்டம் சட்டமாக இருக்கட்டும், சாமி சாமியாக இருக்கட்டும்.

சட்டமும் சாமியும் ஒரே ஒரு முறைதான் முட்டிக்கொண்டன. இரண்டு மாதத்துக்கு முன்பு. புது வண்டிக்குக் கண் படக் கூடாதே என்று, நாக்கு நீட்டிய திருஷ்டி பொம்மை ஒன்றைப் பெரிதாக வாங்கிப் பின்னால் கட்டினேன். அது சரியாக ‘அபாயம் — வெடிபொருள்’ பலகை மேல் தொங்கிவிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி வண்டியின் பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினார். இன்னொரு தப்பு எழுதப்பட்டால் வண்டியின் அனுமதி ரத்து என்று வாயாலும் சொல்லிவிட்டுப் போனார். அனுமதி போனால் வண்டி நிற்கும். லூர்துவுக்கும் முனிராஜுக்கும் வேலை இருக்காது. என் மானமும் போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள்.

ஹொஸ்கோட்டை பக்கத்துக் கிடங்கில் மருந்து ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஊருக்குள் வராமல், வெளியே சுற்றி ஆனேக்கல் பக்கத்துக் குவாரிக்குப் போக வேண்டும். பாதையை முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பாதையில் ஒரு தண்ணீர் டேங்கர் கவிழ்ந்துவிட்டது. போலீஸ்காரர் வருகிற வண்டிகளை எல்லாம் கைகாட்டித் திருப்பிவிடுகிறார். எங்கே? ஐ.டி. கம்பெனிகள் நெருக்கியடிக்கும் வைட்ஃபீல்டுக்குள்!

முனிராஜ் போன் செய்தார். வண்டியை விட்டுத் தள்ளிப் போய் நின்றுதான் பேச வேண்டும். மூச்சு வாங்கியது.

"அண்ணா, வண்டிய நிறுத்திட்டோம்."

"எவன்டா நிறுத்தச் சொன்னது? வைட்ஃபீல்டுதானே? இருபது நிமிஷம். ஹாரன் அடிச்சிக்கினு போய்க்கினே இருக்கச் சொல்லு லூர்துவ."

முனிராஜ் கத்திக் கேட்டார். டிரைவர் சீட்டிலிருந்து லூர்து கத்திய பதில் எனக்கே நேராகக் கேட்டது.

"இருபது நிமிஷமா? அண்ணன் கடைசியா எப்ப வைட்ஃபீல்டு வந்தாராம்? அங்க தக்காளித் தோட்டம் இருந்தப்பவா?"

"நக்கலா? நாற்பது வருஷ அனுபவஸ்தன் சொல்றேன், எடுடா வண்டிய!"

"ஆபீஸ் பஸ்ஸு வரிசையா நிக்கற நேரம்ணு சொல்லு முனிராஜ். நடுவுல மாட்டினா முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் வர முடியாது. சுத்தி ஆயிரம் பேரு. எவனாவது ஒருத்தன் ஜன்னல் வழியா சிகரெட்ட தூக்கிப் போட்டா போதும். நான் உள்ள போவ மாட்டேன்."

நீங்களே சொல்லுங்கள். சட்டப் புத்தகம் சொல்கிறது, எழுதிக் கொடுத்த பாதையை மாற்றாதே. போலீஸ் சொல்கிறார், மாற்று. புத்தகம் சொல்கிறது, நெரிசலுக்குள் போகாதே. போலீஸ் காட்டுகிற வழியே நெரிசல்தான். சரி, நிற்கலாமா? ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிற்கவும் கூடாது. பெங்களூரைச் சுற்றி ஆள் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் வீடு கட்ட ஒரு சைட் வாங்கிப் போடுகிறேன்.

"சரி, போலீஸுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க," என்றேன். "புஸ்தகத்துல இன்னொரு செவப்பு விழுந்தா முடிஞ்சிது."

முனிராஜ் கொஞ்சம் தயங்கினார். "லூர்து அண்ணன் சொல்லி அப்பவே பண்ணிட்டேனே. ஸ்டேஷனுக்கும், ஃபயர் சர்வீஸுக்கும்."

போனை வைத்துவிட்டேன். கோபமா, பயமா? இன்றுவரை தெரியவில்லை.

நேரே போய் இரண்டு பேரையும் ஒரு வழி பண்ணுவது என்று கிளம்பினேன். காரில் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேர முடியும். மெட்ரோ பிடித்தேன். ஸ்டேஷன் வாசலில் செக்யூரிட்டி என்னைத் தடவிப் பார்த்தார். சாவிக்கொத்து பீப் என்றது. "நான் யார் தெரியுமா?" என்றேன். "பேகை மெஷினில் வையுங்க சார்," என்றார். பேகும் இல்லை என்னிடம்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, முனிராஜிடம் போனில் வழி கேட்டு, மெயின் ரோட்டை விட்டு மண் ரோட்டில் போனால்... அடடா. லூர்து எங்கிருந்துதான் கண்டுபிடித்தாரோ! சைட் போட்டு எல்லைக்கல் மட்டும் நட்ட லேஅவுட். ஒரு வீடு இல்லை. ஒரு மின்கம்பி இல்லை. நடுவில் என் வண்டி. சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருந்தார்கள். சுற்றிலும் தூரமாகச் சிவப்புக் கொடி கட்டிய கயிறு. தீயணைப்பு சிலிண்டர் இரண்டும் கீழே தயாராக.

கயிற்றுக்கு வெளியே ஒரு ஆட்டுக்காரர் முனிராஜோடு வாக்குவாதத்தில் இருந்தார்.

"பீடி நான்தானே பிடிக்கிறேன், என் ஆடு என்ன தப்பு பண்ணுச்சு? அத மட்டுமாவது உள்ள விடு. அங்கதான் புல்லு இருக்கு."

அவரைத் தாண்டி நான் கயிற்றைத் தூக்கினேன். ஒரு கால் உள்ளே வைப்பதற்குள் லூர்துவின் குரல்.

"அங்கயே நில்லுங்கணா."

"யாரப் பாத்துடா நில்லுன்ற? என் வண்டி!"

"பையில இன்னா இருக்கு?"

"என் பையிலயா? என்னையே சோதனை போடறியா?"

"காலையில பூஜை போட்டீங்களே. அந்தச் சட்டைதானே இது?"

நான் சட்டைப் பையில் கை விட்டேன். மூக்குக் கண்ணாடி. கற்பூரப் பொட்டலம். அப்புறம்... தீப்பெட்டி.

தள்ளி நின்று கற்பூரம் காட்டியவன், காட்டி முடித்த கையோடு அதைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அதே பையோடு மறுபடி வண்டியருகே போய், கதவைத் தட்டி, டயரை உதைத்துப் பார்த்து, ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரின் பைகளையும் தடவிப் பார்த்த மனிதனின் பையை யார் தடவிப் பார்த்தார்கள்? மெட்ரோவில் பார்த்தார்கள். அங்கே கத்தியது சாவிதான்.

முனிராஜ் தீப்பெட்டியையும் கற்பூரத்தையும் வாங்கி, தூரத்தில் கொண்டுபோய், பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்தார். ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு தோழமை அந்தப் பார்வையில்!

அந்த நேரம் பார்த்துத்தான் போலீஸ் ஜீப் வர வேண்டுமா? சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கயிறு, கட்டை, சிலிண்டர், காகிதங்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். சிவப்பு மையில் எழுதிய பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரு இவ்ரு? யாக்கெ ஹொரகடெ நின்திதாரெ?" இவர் யார், ஏன் வெளியே நிற்கிறார் என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் லூர்து சொல்லிவிட்டார். "ஓனர் மேடம். ஜேபல்லி பெங்கிபொட்டண இத்து." பையில் தீப்பெட்டி இருந்தது! கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே.

முடிந்தது என்று நினைத்தேன். அனுமதி, வண்டி, இவர்கள் வேலை... எல்லாம் என் சட்டைப் பையால். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பேனாவை எடுத்தார். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். நீண்ட நேரம் எழுதினார்.

நாலு மணிக்கு டேங்கரைத் தூக்கிவிட்டார்கள். பழைய பாதை திறந்தது. ஜீப் முன்னால் போக, என் வண்டி பின்னால் போனது. சூரியன் சாயும் முன்பே குவாரியில் சரக்கை இறக்கியாயிற்று. நான் மட்டும் அதே ஆட்டோவில் திரும்பினேன்.

மறுநாள் காலை ஷெட்டில் முனிராஜைக் கூப்பிட்டுப் பதிவுப் புத்தகத்தை நீட்டினேன். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. "எத்தனை தப்பு எழுதியிருக்காங்க? மறைக்காம படி."

அவர் படித்துத் தமிழில் சொன்னார். "வண்டி சரியான இடத்தில், சரியான முறையில் நிறுத்தப்பட்டிருந்தது. தீப்பெட்டியுடன் வந்த உரிமையாளரையே டிரைவர் உள்ளே விடவில்லை. பாராட்டத்தக்கது."

நீல மை!

இரண்டு முறை படிக்கச் சொன்னேன். என் இத்தனை வருடத் தொழிலில் ஒரு போலீஸ்காரர் என் வண்டியைப் பாராட்டி எழுதிய ஒரே வரி. ஃப்ரேம் போட்டு ஷெட்டில் மாட்ட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அந்த வரியில் நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? ஒரு வாரமாகக் குழம்புகிறேன்.

லூர்துவிடம் கேட்டேன். "நான் சொன்ன மாதிரி வைட்ஃபீல்டுக்குள்ள போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுதானே?"

"ஆயிருக்காதுணா," என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்து, "அது தெரிஞ்சிக்கறதுக்காகப் போய்ப் பாக்க முடியுமா?" என்றார்.

நேற்று மறுபடியும் வெள்ளிக்கிழமை. வெடி வண்டிக்குப் பூவும் எலுமிச்சம்பழமும் மட்டும். வழக்கம்போல வாசலில் நின்று லூர்துவின் பையைத் தடவினேன், முனிராஜின் பையைத் தடவினேன். முடித்துவிட்டு நகரப் பார்த்தேன். லூர்து நகரவில்லை. என் எதிரே நின்றுகொண்டே இருந்தார்.

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டேன். முனிராஜ் சொன்னது சரிதான் — கூச்சமாகத்தான் இருக்கிறது.