வம்சத்தின் மேல் போட்ட பழி

இங்கே நார்வேயில் என் மகளைப் படுக்கவைத்து அளக்கிறார்கள். தலையிலிருந்து குதிகால் வரை, சட்டை தைக்கப் போகிறவர்கள் மாதிரி! ஹெல்செஸ்டஷூன் என்று ஒரு இடம். சின்னப் பிள்ளைகளின் எடையும் உயரமும் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள். நர்ஸ் தாளில் புள்ளி வைத்துவிட்டு, குட்டையான என்னையும் வளர்ந்த அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சின்ன வயதில் நீ என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டாள். "டீ" என்றேன். "குடித்ததை இல்லை, சாப்பிட்டதை" என்று சிரித்தாள். மறுபடியும் "டீ" என்றேன். மொழி தெரியாத பாவம் என்று விட்டுவிட்டாள்.

நான் பிறந்த, கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகைக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய எங்கள் ஆட்கள் கொண்டுவந்த சொல். என்னைப் பெற்ற உடம்பு தேறுவதற்குள் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு இலை பறிக்கப் போய்விட்டாள். பாலில்லாத டீயில் சர்க்கரை போட்டு, வர்க்கி ரொட்டியை நனைத்து அங்கே ஆயா ஊட்டுவாள். பசி செத்துவிடும், அப்புறம் சோறு இறங்காது. ஆனால் பிள்ளை அழாது, அதுதானே வேண்டும்! நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்கு மேலே கக்கூஸ், கீழே குடிதண்ணீர். வயிற்றுப்போக்கு இல்லாத மாசம் எங்களுக்கு ஏது?

அதெல்லாம் பழங்கதை என்று நினைத்துக்கொண்டுதான் போன மாதம் மகளோடு ஊருக்குப் போனேன். தங்கை செல்வியின் மகள் என் மகளைவிட மூன்று மாதம் மூத்தவள். பக்கத்தில் நிறுத்தினால் என் மகளின் காது மட்டம்தான் வருகிறாள். கையில் அதே டீ டம்ளர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பிடுங்கிக் கொட்டினேன்.

"ஏனுங்க, நம்ம வம்சமே குட்டைதானுங்களே" என்றார் செல்வியின் புருஷன்.

"அப்ப இவ எந்த வம்சம்? நானும் குட்டை, இவ அப்பாவும் குட்டை. வம்சத்து மேல பழியப் போடாதீங்க!" என்று கத்தினேன். முட்டை குடு, பருப்பு குடு, தண்ணியக் காய்ச்சு என்று வாய் ஓயவில்லை.

செல்வி நிதானமாகச் சொன்னாள். "விடிஞ்சதும் நான் இலை பறிக்க மலையில நிக்கணும்க்கா. பிள்ளைக்காம்பராவுல யாரு இவளுக்கு முட்டை ஊட்டுவா? நீயே கூட்டிட்டுப் போயிரேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு இலைக்கு வா என்கிற எஸ்டேட்காரனை விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் டீ ஊற்றுகிற தங்கச்சியிடம் போய்ச் சண்டை பிடித்திருக்கிறேன். வெட்கங்கெட்டவள் நான்!

கிளம்பும் நாளில் ஒரு இடுப்பில் என் மகள், இன்னொரு இடுப்பில் "பெரிம்மா" என்று ஒட்டிக்கொண்ட செல்வியின் மகள். ஒரு பக்கம் இடுப்பு வலித்தது, மறுபக்கம் வலிக்கவேயில்லை. ஜீப்காரர் ஹாரன் அடித்தார். கனமில்லாதவளை இறக்கிவிட்டேன்.