பிரவுசிங் சென்டரில் தட்டிய ‘வாரேன்’

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் என் சாயங்காலமெல்லாம் அங்கேதான் போயின. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பைப்பும் மோட்டார் சாமானும் விற்கும் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சென்டரில் பலகை அடித்த தடுப்புக்குள் உட்கார்ந்து சாட் அறையைத் திறந்தால் நான் வேறு ஆள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டிக் கேலி பேசுவேன், கிரிக்கெட்டுக்காகச் சண்டை போடுவேன். சாப்பாடு மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் அங்கேயே கிடப்பேன்.

அங்கே கிடைத்தவன்தான் என் ஒரே நண்பன். குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். போட்டோவில்கூட முகம் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவன், “ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாடா, எங்கம்மா கோழி அடிச்சு வைக்கும்” என்று எழுதினான். பதில் யோசிப்பதற்குள் சென்டர் நடத்தும் அண்ணன் தடுப்பைத் தட்டினார்.

“டைம் முடிஞ்சுருச்சு அப்பு. எந்திரி, ஆள் நிக்கிது.”

அவசரத்தில் ‘வாரேன்’ என்று தட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம், வாரேன் என்போம். செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னால் அது விடைபெறுவது என்று குழந்தைக்கும் தெரியும். எழுத்துக்குச் செருப்பு கிடையாது. மறுநாள் திறந்தால் அவன் செய்தி காத்திருந்தது: “அம்மாகிட்டச் சொல்லிட்டேன். காலைல பஸ்ஸுல எங்க ஊரு ஸ்டாப்புல வந்து எறங்கு. பச்சைக் கட்டம் போட்ட சட்டையில நிப்பேன்.”

நான் கிளம்புகிறேன் என்றல்லவா தட்டியிருந்தேன்! அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இதுக்கா முழிக்கிற? வேற ஐடி போட்டுக்க. இங்க வாரவனெல்லாம் அதான் செய்றான்.”

உண்மைதான். ஒரு நிமிடத்தில் வேறு பெயரில் பிறந்துவிடலாம். ஆனால் அந்தப் புதுப் பெயருக்கு அவன் நண்பன் இல்லையே. போகாவிட்டால் அவனை இழப்பேன். போய் வாய் திறக்காமல் உட்கார்ந்தாலும் இழப்பேன் என்று தோன்றியது. போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் பச்சைக் கட்டச் சட்டை நின்றுகொண்டிருந்தது. “வாங்க” என்றான், சாட்டில் ‘டா’ போடாமல் ஒரு வரி எழுதாதவன். “நல்லா இருக்கீங்களா” என்றேன் நான். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, வீடுவரை பேச்சில்லாமல் நடந்தோம். அவனும் என்னைப் போலத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. சாப்பிடும்போதும் இருவரும் தலை நிமிரவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“ஏலே, இந்தத் தம்பிகிட்டயா அம்புட்டு நேரம் பேசுற? ரெண்டு பேரும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கீக!”

எனக்குப் புரையேறியது. அவனும் சிரித்துவிட்டான். கை கழுவியதும் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.

“மூஞ்சியப் பாத்தா பேச்சு வரமாட்டேங்குது. இப்படி வா.”

கொல்லையில் சோளத்தட்டுப் போரில் முதுகைச் சாய்த்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், எதிரே இருந்த கடலைக்காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். அவன், “ஏன்டா, அன்னைக்கு அந்தக் கிரிக்கெட் சண்டையில நான் சொன்னது தப்பா?” என்று ஆரம்பித்தான். தப்புதான் என்றேன். பொழுது சாயும்வரை ஓயவில்லை.

அதற்குப் பிறகு சென்டருக்குப் போவது குறைந்தது. யாரும் என்னைத் திருத்தவில்லை. பேசுவதற்கு ஆள் நேரில் கிடைத்துவிட்டான், அவ்வளவுதான். பிள்ளைகள் போனை விடுவதில்லை என்று இன்று எல்லோரும் புலம்புகிறார்கள். நான் என் மகளிடம் போனைப் பிடுங்குவதில்லை. “யாரும்மா அது? ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு” என்கிறேன். இதுவரை இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி வெட்கப்படாமல் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.