கெடாத ஹீட்டர்

அஜிதாவின் ஊரில் விளக்கு அணைவதில்லை, கெடுகிறது. அருமனையைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும் அந்தச் சரிவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அடுப்பு கெட்டு போச்சு, பீடி கெட்டு போச்சு, உறங்கப் போகும்போது லைட்டைக் கெடுத்திட்டு வா. கல்யாணமான புதிதில் திருநெல்வேலியில் ஓர் உறவுக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனவள், காற்றில் குத்துவிளக்கு அணைந்ததைப் பார்த்து, "மைனி, வெளக்கு கெட்டு போச்சு" என்று நல்ல மனதோடு அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இந்த மலையாளத்துக்காரி வாயைத் திறந்தாளே என்று அந்த வீட்டில் அப்புறமும் பேச்சு ஓடியதாம். திரும்பி வரும் பஸ்ஸில் சிவபிரசாத் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டான். பெண்டாட்டியைக் கேலி செய்ய ஏதாவது கிடைத்தால் போதும், அவனுக்குச் சோறு வேண்டாம்.

அந்தச் சிரிப்பை அவள் அதிகம் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய பாய் பழசாகும் முன்பே அவன் கல்ஃபுக்கு விமானம் ஏறினான். சாரம் கட்டும் வேலை. விருந்தாளி மாதிரி வருவான், ஊர் முழுக்க விருந்துண்பான், போய்விடுவான். மகள் அஸ்வதிக்கு அப்பா என்றால் போனில் தெரியும் ஒரு முகம், அவ்வளவுதான். மாமியாரையும் மாமனாரையும் அஜிதாதான் பார்த்தாள், அவள்தான் அனுப்பியும் வைத்தாள். விடிவதற்குள் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டியதும் அவள்தான். பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள புகைப்புரையில் தொங்கவிட்டுப் புகைபோட்டதும் அவள்தான். கல்ஃப்காரன் பெண்டாட்டிக்கென்ன, கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று சொன்னவர்களும் அதே ஊரில்தான் இருந்தார்கள். சொல்கிற வாய்க்கு வலியா என்ன?

பிறகு ஒரு நாள் அவன் சாரத்திலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தது, இடுப்புதான் பழையபடி ஆகவில்லை. ஊருக்கு வந்தவன், இனிப் போகமாட்டேன் என்றான். ஊரார் அவளிடம் துக்கம் விசாரித்தார்கள். அவளும் முகத்தை வாட வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். உள்ளுக்குள் அவளுக்கு இருந்தது சந்தோஷம். மகள் நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். இத்தனை காலம் கழித்து, நரைத்த மீசையோடு ஒரு மாப்பிள்ளை கிடைத்தது போல இருந்தது. சந்தைக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். மீனுக்கு உப்புக் குறைந்தால் குறை சொல்ல ஓர் ஆள் இருந்தது.

உட்கார்ந்து பார்க்கிற வேலையாக அவன் கண்டுபிடித்ததுதான் கோழி. பிறந்த குஞ்சும் தீனியும் கம்பெனி கொண்டுவந்து இறக்கும், வளர்த்துக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொண்டு போகும். ஷீட் அடிப்பதை விட்டு ரப்பரைப் பாலாகவே விற்கத் தொடங்கியபின் புகைப்புரை சும்மா கிடந்தது. முதல் சில நாள் குஞ்சுகளைச் சூட்டில் வைத்திருக்க அதைவிட நல்ல இடம் எது? கெட்டியான சுவர், தாழ்ந்த கூரை, ஒரே கதவு. சூட்டுக்குக் கம்பெனியே ஒரு கேஸ் ஹீட்டரும் கொடுத்திருந்தது. குடை மாதிரி கவிழ்ந்த தகரம், அதற்குள்ளே சிவக்கச் சிவக்க எரியும் ஒரு தட்டு, ரப்பர் டியூப், சிலிண்டர்.

முதல் தடவை நன்றாகத்தான் போயிற்று. அடுத்த தடவை மழையில் சிக்கிக் குளிரில் பாதிக்கு மேல் செத்தது. இன்னொரு தடவை இப்படியானால் குஞ்சு இறக்கமாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதே வாரம் கல்ஃபிலிருந்து பழைய கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். குடோனில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை, விசா தயாராக இருக்கிறது என்றான்.

"இதும் போச்சுண்ணா நான் ஏறிருவேன், ஏட்டி. பின்ன எனக்க கிட்ட ஒண்ணும் பறையப்பிடாது" என்றான் சிவபிரசாத்.

அஜிதாவுக்குக் கோழி ஒரு பொருட்டே இல்லை. குஞ்சு பிழைக்க வேண்டும், அவன் வீட்டில் நிற்க வேண்டும். அவள் அய்யா பதியில் போய் வேண்டிக்கொண்டது இந்த இரண்டுதான். இரண்டும் ஒன்றுதான்.

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில் மூன்றாவது தடவைக் குஞ்சுகள் வந்து இறங்கின. இந்தமுறை சிவபிரசாத் குளிருக்கு வழியே வைக்கவில்லை. புகை வெளியே போவதற்கென்று சுவரின் மேல்பக்கம் விட்டிருந்த துளைகளைச் சாக்கைத் திணித்து அடைத்தான். கூரையடிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினான். கதவிடுக்கில் பழைய போர்வை. சாரம் கட்டியவன் கட்டு, சும்மாவா?

"இனி ஒரு ஈச்சைகூட உள்ள கேறாது" என்றான் பெருமையாக.

அன்று முதல் ஹீட்டர் நின்று எரியவில்லை. பற்றவைத்தால் நன்றாக எரியும். இவள் வீட்டுக்குப் போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் அணைந்து கிடக்கும். குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருக்கும். குளிர்ந்தால் அவை அப்படித்தான் செய்யும், அடியில் அகப்பட்டது நசுங்கிச் சாகும். சூடு மிஞ்சினால் ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளக்கும். சூடு சரியாக இருந்தால் களத்தில் நெல் பரப்பினது போல அறை முழுக்கப் பரந்து கிடக்கும். கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

செய்யாத வைத்தியம் இல்லை. சிலிண்டரை மாற்றினார்கள். டியூப் மடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். கேஸ் வரும் சின்னத் துளையில் சிலந்தி வலை கட்டியிருக்கும் என்று ஊசி விட்டுக் குத்தி, வாயால் ஊதினாள். தீயின் நுனி படுகிற இடத்தில் ஒரு செம்புக் கம்பி உண்டு. அது சூடாக இருந்தால்தான் கேஸ் வரும், ஆறினால் தானே அடைத்துக்கொள்ளும். அந்தக் கம்பியில் கரி பிடித்திருக்குமென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பட்டனை விரல் மரத்துப்போகும் வரை அமுக்கிப் பிடித்துப் பற்றவைத்தாள். எரிந்தது, அணைந்தது. ஆளுக்கு ஒரு நேரம் அங்கேயே குந்தியிருந்து பற்றவைப்பது என்றாயிற்று. இரண்டு பேர் கண்ணும் உறக்கமில்லாமல் கோவைப்பழமாகிவிட்டது.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். தண்ணீர் சுமந்து உள்ளே போய்வரும்போது, கதவு திறந்து கிடக்கிற நேரத்தில், அந்தப் பாழாய்ப்போன ஹீட்டர் அணைவதே இல்லை.

"இஞ்ச பாருங்க, கதவு தொறந்து கெடந்தா இது நல்லா நின்னு எரியுது. பூட்டினாதான் கெட்டு போவுது."

"கதவத் தொறந்து வச்சா குஞ்சு வெறச்சுச் சாவும். ஒனக்க கிட்ட ஹீட்டரு வந்து பறைஞ்சுதாக்கும், காத்து வேணும்ணு?" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். பதில் அவள் கைக்குள்ளேயே இருந்தது. அவன் கேலியிலும் இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எத்தனையோ காரியத்துக்குச் சொல்கிறோம். இதற்குச் சொல்ல மனம் வரமாட்டேன் என்கிறது.

கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டாள். பழைய சூப்பர்வைசர் மாறிப்போய், பல்லடத்துப் பக்கத்திலிருந்து சென்னியப்பன் என்று புதிதாக ஒருவன் வந்திருந்தான். தங்கமான பையன், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவன். அவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"சாரே, ஹீட்டரு கெட்டு கெட்டு போவுது. குஞ்செல்லாம் குளிருல குவிஞ்சு கெடக்கு."

"கெட்டுப் போச்சுங்களா? ரிப்பேரு பண்ணிப் பாத்தீங்களா?"

"எல்லாம் செஞ்சு பாத்தாச்சு சாரே. பின்னயும் கெட்டு போவுது."

"அடிக்கடி கெட்டுப்போறத வெச்சுட்டு என்னங்க பண்றது? வேற ஒண்ணு தர்றேனுங்க. பழைய மாடல்தான், பாக்கறதுக்கு நல்லா இருக்காது. ஆனா கெடவே கெடாதுங்க."

கெடவே கெடாது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது அவளுக்கு. அன்று மத்தியானமே தீனி வண்டியில் அது வந்தது. துருப்பிடித்த குடை, சிலிண்டர், ஒரு திருகு. செம்புக் கம்பி இல்லை, பட்டன் இல்லை. பற்றவைத்தார்கள். கதவைப் பூட்டினார்கள். சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தார்கள், எரிந்துகொண்டிருந்தது. பொழுது சாய வந்து பார்த்தார்கள், எரிந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் நெல் பரப்பினது போலக் கிடந்தன. அஜிதா வாசலில் நின்று, இனி இவர் எங்கேயும் போகமாட்டார் என்று நினைத்தாள். அழுகை வந்தது. மழையில் யாருக்குத் தெரியப் போகிறது.

"இன்னைக்கு எனக்க முறையாக்கும்" என்று பாயை எடுத்தவளிடமிருந்து அவன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"நீ போய்க் கெடந்து உறங்கு, ஏட்டி. இதுக்கு இனி ஆளே வேண்டாம். ஒரு நாளு கெடந்து பாத்துக்கிடுகேன், அவ்வளவுதான்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போர்வையைக் கதவிடுக்கில் திணிக்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. வந்து படுத்தாள். நாள்கணக்கில் உறங்காத உறக்கம் உறங்கினாள்.

விடிந்து, மழை சற்று வெறித்திருந்தது. கட்டன்சாயா போட்டு எடுத்துக்கொண்டு புகைப்புரைக்குப் போனாள். கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். வழக்கம்போல முதலில் குஞ்சுகளைத்தான் பார்த்தாள். ஒன்றுகூடக் குவிந்திருக்கவில்லை. அறை முழுக்கப் பரந்து, சமமாக, அழகாகக் கிடந்தன. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். பிறகுதான் கீச்சுச் சத்தம் இல்லை என்பது காதில் உறைத்தது.

சிவபிரசாத் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். முகம் செக்கச்செவேலென்று, கல்யாணத்தன்று இருந்ததைவிட நிறமாக இருந்தது. அதனால்தான் அவள் அத்தனை நேரம் அவனை உலுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஷாஜன் ஓடிவந்து, அவளை இழுத்து வெளியே போட்டான். கதவு திறந்திருந்ததால் அவள் பிழைத்தாள் என்றார்கள். பிழைத்ததா அது?

உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். காற்றுப் போக வர வழியில்லாத அறையில் கேஸ் எரிந்தால், எரிவதே விஷமாகிவிடும். வாடை இருக்காது, மூச்சு முட்டாது, உறக்கத்தோடு உறக்கமாகப் போய்விடும். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, அஸ்வதி விடுதிக்குத் திரும்பாமல் அம்மா பக்கத்திலேயே இருந்த நாளொன்றில் சென்னியப்பன் வந்தான். கம்பெனிச் சாமான்களை எடுக்க வேண்டியிருந்தது. தலைநிமிராமல் வேலையைப் பார்த்தான். பழைய மாடலை வண்டியில் ஏற்றினான். முதலில் கொடுத்த ஹீட்டர் கெட்டுப்போனதல்லவா, என்ன கேடு என்று பார்த்து எழுத வேண்டும். முற்றத்தில் வைத்துப் பற்றவைத்தான். எரிந்தது. மற்றச் சாமான்களை ஏற்றிவிட்டு வந்து பார்த்தான். அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

"இது நல்லாத்தானுங்களே இருக்குது? கெட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே அக்கா" என்றான் மெதுவாக.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அஜிதா தலையைத் தூக்கினாள். "கெட்டுத்தான் போச்சு சாரே. கதவப் பூட்டினா கெடும், தொறந்தா நின்னு எரியும். பின்னயும் பத்த வப்பேன், பின்னயும் கெடும்."

அவன் எரிகிற ஹீட்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"அணைஞ்சு... அணைஞ்சு போச்சுங்களா?"

"ஆமா. கெட்டு கெட்டு போச்சு. அதத்தானே நான் போன்ல பறைஞ்சேன்."

சென்னியப்பன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். "அணையுதுன்னு தெரிஞ்சிருந்தா கதவைத் திறங்கன்னு சொல்லியிருப்பேனுங்க அக்கா. காத்து பத்தலைன்னா தானா அணையற மாதிரிதானுங்க இதச் செஞ்சிருக்குது. இது ரிப்பேரே இல்லீங்க. நான் ரிப்பேருன்னு நெனச்சு..."

அஸ்வதி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அஜிதா அழவில்லை. திருநெல்வேலியிலிருந்து திரும்பிய அந்த பஸ்ஸும், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவனும் அவள் நினைவுக்கு வந்தார்கள். இதைச் சொன்னால் அவன் எப்படிச் சிரிப்பான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

முற்றத்தில், திறந்த வெளிக் காற்றில், ஹீட்டர் நிதானமாக எரிந்துகொண்டே இருந்தது.

"அதக் கெடுத்திருங்க சாரே" என்றாள்.

இந்தமுறை அவன் என்னவென்று கேட்கவில்லை. மண்டியிட்டுப் போய்ச் சிலிண்டரின் திருகைத் திருப்பினான். தீ கெட்டது.